மண்வெட்டிக் காயமும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும்

‘‘என் கணவருக்கு வயது 54. ஏழு வருஷத்துக்கு முன்பு இதயத்தில் வால்வு மாற்றி வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறார். சர்க்கரையும் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு கழனியில் மடை திருப்பும்போது மண்வெட்டி பட்டு, இடது புறங்காலில் வெட்டு விழுந்தது. ரத்தம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. காபித்தூள் வைத்துக் கட்டினோம். ‘இந்த மாத்திரை போட்டால் காயம் ஆறவே ஆறாது, நிறுத்திவிடு’ என்று எல்லோரும் சொன்னதால், ஆறு நாளாக மாத்திரை போடவில்லை. காயம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. மாத்திரையை எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம்?’’
- வாசகி ஒருவர், தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டம்.

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இதழ் அலுவலகத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டார்கள். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. இங்கே எழுதுவது, இதே நிலையில் இருந்துகொண்டு இன்னும் கடிதம் எழுதாதவர்களுக்காக.

பதில் இதுதான். மாத்திரையை நிறுத்தியே இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ‘ஐ.என்.ஆர்.’ என்ற ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவில் அன்றைக்கே திரும்ப ஆரம்பிக்க வேண்டும். விட்டுப்போன ஆறு நாளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மாத்திரையாகப் போட்டுவிடக் கூடாது. கால் காயத்தை அதே நாளில் காட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று விளக்குகிறேன். மாற்றி வைத்த வால்வு உலோகத்தால் ஆனது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். அந்நியப் பொருளைத் தொட்டால் உறைவது ரத்தத்தின் குணம். உறைந்த ரத்தம் வால்வின் மேல் படிந்தால் இரண்டு விபரீதம் நடக்கலாம். வால்வு சரியாகத் திறந்து மூட முடியாமல் சிக்கிக்கொண்டு மூச்சுத் திணறல் வரும். அல்லது அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போய் அடைத்து, கை கால் விழுந்துவிடும். மாத்திரை போடாத ஒவ்வொரு நாளும் இந்த ஆபத்து கூடிக்கொண்டே போகும். புறங்கால் காயம் ஒரு மாதம் கழித்து ஆறினாலும் மனிதர் எழுந்து கழனிக்குப் போவார். பக்கவாதம் வந்தால் போக முடியுமா?

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. உலோக வால்வு கடிகாரம் போல மெலிதாக ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். ராத்திரி அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கிப்போனாலோ கேட்காமல் போனாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தம் தண்ணீர் ஆகிறதா?

‘ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை’ என்று ஊரில் சொல்கிறோம். பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வருவது. ரத்தம் நீர்த்துப்போவதில்லை. அதே நிறம், அதே கெட்டி, அதே சத்து. பாலில் தண்ணீர் ஊற்றுவதோடு இதை ஒப்பிடாதீர்கள். உறை ஊற்றும்போது மோரைக் குறைத்து விடுகிறோமே, அது போன்றது இது. பால் பால்தான், தயிராகத் தோய நேரமாகிறது. மாத்திரை போடுகிறவரின் ரத்தமும் உறையும், கொஞ்சம் தாமதமாக உறையும். அவ்வளவுதான்.

காயம் பட்ட இடத்தில் ரத்தம் எப்படி நிற்கிறது என்பது ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தென்னேரி போன்ற பெரிய ஏரியில் மழைக்காலத்தில் கரை உடைப்பெடுத்தால் என்ன செய்கிறோம்? முதலில் மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து அடைக்கிறோம். மூட்டை மட்டும் இருந்தால் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் சவுக்குக் கழிகளை நட்டு, மூட்டைகளை நகராமல் கட்டிப் பிடிக்க வைக்கிறோம். ரத்தத்திலும் இந்த இரண்டு வேலையும் நடக்கிறது. தட்டணுக்கள் ஓடிவந்து மூட்டைகளாக ஒட்டிக்கொள்கின்றன. அதன் மேல் ‘ஃபைப்ரின்’ என்ற மெல்லிய நூல் வலை பின்னிக் கட்டுகிறது. பட்டு நூல் புரதம், இதுவும் புரதம்தான்; காஞ்சிபுரம் பக்கம் உள்ளவர்களுக்கு நூலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரைகளும் இதே போல இரண்டு கட்சி. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை மூட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பெரும்பாலும் இவற்றைத்தான் கொடுப்பார்கள். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கேயே முதல் டோஸ் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ல் தமிழ்நாட்டில் வந்த பிறகு, இந்தப் பெயர்கள் கிராமத்தில் இன்னும் பழக்கமாகிவிட்டன. இன்னொரு கட்சி வார்ஃபரின், அசிட்ரோம் என்ற பெயரில் விற்கும் அசினோகூமரால், புதிதாக வந்த அபிக்ஸாபன், ரிவராக்ஸாபன், டாபிகேட்ரன். இவை நூல் பின்னுவதைத் தாமதப்படுத்துபவை. உலோக வால்வு வைத்தவர்களுக்கு வார்ஃபரினோ அசிட்ரோமோதான். புது மாத்திரைகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக உலோக வால்வு உள்ளவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. டாபிகேட்ரனை உலோக வால்வு நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோது ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்று தெரிந்து, அந்த ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மாடுகள் கொடுத்த மருந்து

இந்த மருந்து கிடைத்த கதையே ஒரு விவசாயியின் தொழுவத்தில், ஆறாத காயத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் மாடுகள் விநோதமாகச் செத்தன. கொம்பு தீய்த்தால், காயடித்தால், சின்னக் கீறல் பட்டால்கூட ரத்தம் நிற்காமல் ஓடிச் செத்துவிடும். கனடாவில் ஃப்ராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் தீவனத்தைச் சந்தேகப்பட்டார். அங்கே ‘ஸ்வீட் க்ளோவர்’ என்ற பயறு வகைத் தீவனச் செடியை அறுத்து, காயவைத்துப் போர் போடுவார்கள். ஒரே போரிலிருந்து நல்ல தண்டையும் கெட்டுப்போன தண்டையும் தனித்தனியாகப் பொறுக்கி முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். நல்லதைத் தின்ற முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டதைத் தின்றது ரத்தம் கசிந்து செத்தது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த தீவனம்தான் குற்றவாளி.

1933 பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி எட் கார்ல்சன், பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரத்துக்குப் போனார். வண்டியில் செத்த கிடேரி ஒன்று, கெட்டுப்போன தீவனம் ஒரு குவியல், பால் கேனில் உறையாத ரத்தம். அங்கே பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் ஆராய்ச்சியாளர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். கெட்ட தீவனத்திலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுக்க அவர் குழுவுக்கு 1939 வரை ஆனது. அந்த வகையில் பிறகு உருவாக்கிய ஒன்றுதான் வார்ஃபரின். 1948-ல் அது முதலில் விற்பனைக்கு வந்தது எலி மருந்தாக! 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷமே, மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குக் கொடுத்தார்கள்.

அந்த விவசாயிக்கு அன்றைக்குக் கிடைத்த பதில், ‘அந்தத் தீவனத்தைப் போடாதே’ என்பது மட்டுமே. ஆனால் அவர் கொண்டுவந்த பால் கேனால் இன்று உங்கள் கணவரைப் போன்ற லட்சக்கணக்கான பேர் நடமாடுகிறார்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தை: பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் கடலைக்கொடியும் வேறு வகையில் விஷமாகும். அதையும் மாட்டுக்குப் போடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் வால்வு மாற்றியவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கும் காரணம் உண்டு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் முடக்குக் காய்ச்சல், வால்வைக் கெடுத்துவிடும். நெருக்கமான வீடுகளில், வைத்தியம் தாமதமாகும் குடும்பங்களில் அது அதிகம். வெளிநாட்டு வால்வு விலைக்கு எட்டாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியதான் தலைமையில் உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள். ஏழைக்கும் வால்வு கிடைக்க ஆரம்பித்தது. வால்வு கிடைத்தால் கூடவே ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை போடுகிறவர் கையில் அரிவாளும் மண்வெட்டியும். ஆகவே இந்தக் கேள்வி வராமல் இருக்க முடியாது.

காயம் ஆறுவதை மாத்திரை தடுக்கிறதா?

ரத்தம் நிற்பது வேறு, காயம் ஆறுவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பழி முழுவதும் மாத்திரை மேல் விழுகிறது.

ரத்தம் நிற்பது நிமிடக் கணக்கு. அங்கே மாத்திரை நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. பத்து நிமிடத்தில் நிற்பது முக்கால் மணி ஆகலாம். அதன் பிறகு அழுக்கையும் கிருமியையும் வெள்ளணுக்கள் சுத்தம் செய்ய நாலைந்து நாள். சிவந்த புதுச் சதை வளர வாரக்கணக்கு. தழும்பு இறுக மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருஷம். ரத்தம் ஒழுங்காக நின்று, காயத்தின் இரண்டு ஓரமும் ஒட்டி உட்கார்ந்துவிட்டால், பிந்தைய வேலைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது போலவே நடக்கும்.

மாத்திரை மறைமுகமாகத் தொல்லை கொடுப்பது ஒரு வழியில். மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே ரத்தம் கசிந்து கட்டியாகத் தேங்கும். ரத்தக்கட்டு என்கிறோமே, அதுதான். அது ஓரங்களை ஒட்ட விடாமல் விலக்கும். தையல் போட்டிருந்தால் இழுத்துப் பிரிக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ரத்தக்கட்டின் மேல் தைலம் தேய்த்து உருவுவதும், ஊசியால் குத்தி எடுப்பதும் நிலைமையை மோசமாக்கும். பெரிதாகிக்கொண்டே போனால், இறுக்கமாக வலித்தால், டாக்டர்தான் திறந்து எடுக்க வேண்டும்.

உங்கள் கணவரின் காயம் மூன்று வாரமாக ஈரமாக இருப்பதற்கு வருவோம். கவனியுங்கள்: ஆறு நாளாக மாத்திரை போடவில்லை. அசிட்ரோம் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளிலும், வார்ஃபரின் நிறுத்தினால் நாலைந்து நாளிலும் வேகம் தணிந்துவிடும். மாத்திரைதான் காரணம் என்றால் இந்நேரம் காயம் காய ஆரம்பித்திருக்க வேண்டாமா? காயவில்லையே. ஆகவே வேறு காரணம் தேட வேண்டும்.

என் சந்தேகம் முதலில் சர்க்கரை மேல். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலி தெரியாமல் அந்தக் காலையே ஊன்றி நடப்பார். வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். அடுத்தது காபித்தூள். பலர் மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று வைக்கிறோம். சிலர் வரப்பு ஓரத்தில் இருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிகிறோம். பச்சிலையைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கழுவாத இலை, சேற்றுக் கை, திறந்த புண் மூன்றும் சேர்ந்தால் ரணஜன்னிக்கு நாமே கதவு திறக்கிறோம். ரணஜன்னிக் கிருமி குடியிருப்பது மண்ணிலும் சாணத்திலும். காபித்தூள் ரத்தத்தை நிறுத்துவதில்லை. அழுத்திக் கட்டியதால் நின்றதைக் காபித்தூள் நிறுத்தியதாக நினைக்கிறோம். துகள்கள் உள்ளேயே தங்கி, காயத்தை ஈரமாக வைத்திருக்கும்.

மூன்றாவது, காலுக்கு வரும் ரத்த ஓட்டம். இது ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போடுகிறவர்களுக்கு இன்னும் பொருந்தும். இதயக் குழாயில் அடைப்பு வந்தவருக்குக் கால் குழாயிலும் அடைப்பு இருக்கலாம். பீடி பிடிக்கிறவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். ரத்தம் வராத காலில் காயம் எப்படி ஆறும்? அடைப்பால் ஆறாத காயத்துக்கு, அடைப்பைத் தடுக்கும் மாத்திரை மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்!

டாக்டரிடம் போகும்போது மூன்று காரியம் கேளுங்கள்: வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை அளவு, பாதத்து நாடித்துடிப்பு பார்ப்பது, எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று பார்க்கத் தேவையானால் எக்ஸ்-ரே. ஹீமோகுளோபினையும் பார்க்கட்டும். முக்கால் மணி நேரம் ரத்தம் போயிருக்கிறது. சோகை இருந்தால் புதுச் சதை வளராது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண் ஊழியரிடமும் காலைக் காட்டுங்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு காலை மறைத்துக்கொள்ளாதீர்கள். முட்டை, பருப்பு, பயறு தினமும் சாப்பாட்டில் இருக்கட்டும். காயம் மூடும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாது. நடவு நேரத்தில் இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். மடை திருப்ப மகனையோ பக்கத்துக் கழனிக்காரரையோ கேளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சீழ் வைத்த காயத்துக்குக் கிருமிநாசினி மாத்திரை எழுதுவார்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்ஸசோல் போன்றவை வார்ஃபரின், அசிட்ரோமின் வேகத்தை ஏற்றிவிடும். ஐ.என்.ஆர். எகிறும், ஈறில் ரத்தம் வரும். அதனால் ‘வால்வு மாத்திரை போடுகிறார்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிருமிநாசினி ஆரம்பித்த மூன்று நாலு நாளில் மறுபடி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். மருந்துக்கடையில் ‘வலிக்கு ஒரு செட்’ வாங்குவதை அறவே விடுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் எல்லாம் வயிற்றில் புண்ணாக்கி, அங்கே ரத்தம் கசிய விடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இடுப்பில் போடும் வலி ஊசி இன்னும் மோசம், சதைக்குள் ரத்தம் கட்டும். ரணஜன்னித் தடுப்பூசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது கட்டாயம். மெல்லிய ஊசியில் போடச் சொல்லி, போட்ட இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்த முறை வெட்டுப் பட்டால்

உட்கார வைத்து அல்லது படுக்க வைத்து, அடிபட்ட கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்குங்கள். மோட்டார் தண்ணீரில் சேறு போகக் கழுவுங்கள். சுத்தமான வேட்டித் துணியையோ துண்டையோ மடித்து, உள்ளங்கையால் இறுக்கி அழுத்துங்கள். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. எடுத்தால் அடுக்கிய மூட்டை எல்லாம் சரிந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். சாதாரண வெட்டுக்குக் கயிறு கட்ட வேண்டாம். 20 நிமிடத்துக்கும் நிற்காவிட்டால், பீய்ச்சி அடித்தால், ஆழமாக இருந்தால், அழுத்தியபடியே வண்டியில் ஏற்றுங்கள்.

அன்றைய ராத்திரி மாத்திரையைப் போடுவதா வேண்டாமா? சின்னக் காயம், ரத்தம் நின்றுவிட்டது என்றால் வழக்கம்போல் போடுங்கள். பெரிய காயம் என்றால் மருத்துவமனையில் இருப்பீர்கள், அவர்கள் முடிவு செய்யட்டும். வீட்டில் நிறுத்துவதால் அன்றைக்கு எந்தப் பலனும் இல்லை. ஆஸ்பிரின் தொட்ட தட்டணு மாறிப் புதுசு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இன்று நிறுத்தினால் இன்று ரத்தம் நிற்காது. அதற்குள் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து மட்டும்தான் மிச்சம். வைத்த முதல் சில மாதங்களில் அது மிக அதிகம்.

தலையில் அடிபட்டால் கணக்கே வேறு. தென்னை மட்டை விழுந்தது, மாடு முட்டித் தள்ளியது, வண்டியிலிருந்து சாய்ந்தது... வெளியே சொட்டு ரத்தம் வராவிட்டாலும் மாத்திரை போடுகிறவரை உடனே சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூளைக்குள் கசிவு மெதுவாக நடக்கும். சாயங்காலம் நன்றாகப் பேசியவர் காலையில் எழுந்திருக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பாம்பு கடித்தாலும் மாத்திரை விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷமே ரத்தம் உறைவதைக் கெடுக்கும். மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்துத்தான் விஷமுறிவு மருந்தை முடிவு செய்வார்கள். அந்த ரத்தத்தில் ஏற்கெனவே என்ன மருந்து ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம். அதன் எச்சிலிலேயே ரத்தம் உறையவிடாத பொருள் இருக்கிறது, அதனால் கசிவு நீளும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மாத்திரைப் பெயர், அளவு, எதற்காக என்பதை ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழனிக்குப் போகும்போது சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பீரோவில் இருக்கும் ஃபைல் வரப்பில் உதவாது.

‘‘வார்ஃபரின் போடுகிறேன். கீரையே கூடாது என்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலிலேயே முருங்கை இருக்கிறது. உண்மையா?’’
- வாசகர் ஒருவர், உத்திரமேரூர்.

கீரையை விட வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு எதிர்க்கட்சி. ஆனால் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடிதான் டாக்டர் மாத்திரை அளவை ஏற்கெனவே நிர்ணயித்திருக்கிறார். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். மழை பெய்து முருங்கை தழைத்துவிட்டது என்று பத்து நாள் தொடர்ந்து முருங்கைக்கீரைப் பொரியல், அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை என்பதுதான் தப்பு. முதல் பத்து நாளில் மாத்திரை வேலை செய்யாது, பிறகு அதிகமாக வேலை செய்யும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று சரியாகச் சாப்பிடாத நாட்களிலும் ஐ.என்.ஆர். ஏறும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மட்டும் போடுகிறவர்களுக்குக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது. சமையலில் போடும் பூண்டு, இஞ்சி, மஞ்சளால் பிரச்னை இல்லை. அதையே சாறாகவும் மாத்திரையாகவும் தினமும் எடுப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சாராயம் கூடவே கூடாது.

‘‘நெல் மூட்டைக்குப் பக்கத்தில் எலிக்கு வைத்த கேக்கை எங்கள் நாய் தின்றுவிட்டது. இரண்டு நாளாக நன்றாகத்தான் ஓடியாடுகிறது. இனி பயமில்லையா?’’
- வாசகர் ஒருவர், மதுராந்தகம்.

பயம் இனிமேல்தான். நீங்கள் வைத்தது புரோமடையலோன் கேக்காக இருக்கும். மேலே சொன்ன வார்ஃபரினின் நெருங்கிய சொந்தம், ஆனால் வேகமும் அதிகம், உடம்பில் தங்கும் காலமும் அதிகம். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் மூக்கு, ஈறு, மலத்தில் ரத்தம் வரும், சோர்ந்து படுத்துவிடும். இன்றைக்கே கேக் கவரோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வைட்டமின் கே-1 கொடுத்தால் பிழைக்கும், ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தை இதை வாயில் வைத்தாலும் இதே கதைதான். அன்றைக்கு நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் கவரோடு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் போடுகிறவர்கள் கேக்கை வெறும் கையால் உடைத்து வைக்க வேண்டாம். அந்த வேலையை வீட்டில் வேறொருவர், கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும்.